ஜிஐஎஸ் தரவில் ப்ரொஜெக்ஷனும் ஆயத்தொலை முறையும்: தமிழ்நாடு, இலங்கைத் தரவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மென்பொருளில் மதுரை வட்டாரக் கண்மாய்களின் லேயரை, அதாவது தரவு அடுக்கை, திறக்கிறீர்கள். கண்மாய்கள் எல்லாம் லட்சத்தீவுப் பக்கம் அரபிக்கடலில் கிடக்கின்றன. வடிவமும் அளவும் சரியாகவே இருக்கின்றன. இடம் மட்டும் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போயிருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பலர் நினைப்பார்கள். சிலர் லேயரைப் பிடித்து இழுத்து மதுரைமேல் வைக்கவும் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். கோப்பில் உள்ள எண்கள் சரியானவை. அவை எந்த முறையில் எழுதப்பட்டவை என்று சொல்லும் சீட்டுதான் தவறு. யூடிஎம் என்பது உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை. இங்கே யூடிஎம் 44-ஆம் மண்டல எண்களுக்கு 43-ஆம் மண்டலம் என்ற சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த இரு மண்டலங்களுக்கு இடையே 6 பாகை வித்தியாசம் என்பதால் தீர்க்கரேகை 78.12-இல் இருக்க வேண்டிய மதுரை 72.12-க்குப் போய்விட்டது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் இது ஒன்றே அடிப்படை. ஆயத்தொலை என்பது வெறும் எண். அதை ஓர் இடமாக்குவது சிஆர்எஸ் (ஆயத்தொலைக் குறிப்பு முறை) என்கிற சீட்டு. சீட்டைத் திருத்துவது ஒரு வேலை, எண்களை மாற்றுவது வேறு வேலை. இவ்விரண்டையும் குழப்புவதால் வரும் சிக்கல்களைத்தான் ஜிஐஎஸ் மேசையில் அதிகம் பார்க்கிறோம். படிகளை க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளின் 3 வரிசைப் பதிப்புகளை வைத்துச் சொல்கிறோம். வேறு மென்பொருளிலும் தர்க்கம் இதேதான்.

சீட்டில் என்ன இருக்கிறது

ஒரு சிஆர்எஸ்ஸுக்குள் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, பூமியை எந்த நீள்கோளமாக (துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டையாக) எடுத்துக்கொள்கிறோம் என்பது. டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்தின் நிலநடுக்கோட்டு ஆரம் 6378137 மீட்டர். இந்தியாவின் பழைய அளவைகள் எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தில் செய்யப்பட்டவை. அதன் ஆரம் சுமார் 6377.3 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 840 மீட்டர் சிறியது. இரண்டாவது அடுக்கு டேட்டம்: அந்த நீள்கோளத்தை உண்மையான பூமியோடு எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள் என்பது. இந்திய டேட்டத்தின் தொடக்கப்புள்ளி மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூர். ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை வளர்ந்துதான் அந்த அமைப்பு உருவானது. மூன்றாவது ப்ரொஜெக்ஷன்: வளைந்த பரப்பைத் தட்டையான தாளில் மீட்டர் கணக்குக்குக் கொண்டுவரும் கணிதம்.

வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் முதல் இரண்டு அடுக்குகள்தான் இருக்கும். ஆனால் அவை கட்டாயம் இருக்கும். டேட்டம் தெரியாத அட்சரேகை முழுமையான தகவல் அல்ல.

ஒவ்வொரு சிஆர்எஸ்ஸுக்கும் ஈபிஎஸ்ஜி என்ற உலகப் பொதுப் பட்டியலில் ஒரு எண் உண்டு. தமிழ்நாட்டு வேலைக்கு அடிக்கடி தேவைப்படுபவை: டபிள்யூஜிஎஸ் 84 அட்ச-தீர்க்கத்துக்கு 4326, யூடிஎம் 43 வடக்குக்கு 32643, யூடிஎம் 44 வடக்குக்கு 32644, இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டருக்கு 3857, பழைய எவரெஸ்ட் அட்ச-தீர்க்கமான கலியான்பூர் 1975-க்கு 4146. இலங்கைக்கு 5234, 5235.

முதல் படி: எண்களைப் பாருங்கள்

எந்தத் தரவு கைக்கு வந்தாலும் முதலில் எண்களைப் படியுங்கள். லேயர்மேல் வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்ஃபர்மேஷன் பக்கம். அங்கே எக்ஸ்டென்ட் என்ற வரியில் குறைந்தபட்ச, அதிகபட்ச எக்ஸ், ஒய் மதிப்புகள் இருக்கும். லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் சீட்டே இல்லை என்று பொருள். ஷேப்கோப்பு என்ற ஜிஐஎஸ் கோப்பு வகையில், பிஆர்ஜே என்ற துணைக் கோப்பை அனுப்ப மறந்தால் இப்படித்தான் ஆகும்.

மதுரை நகரின் ஒரே இடம் ஒவ்வொரு முறையிலும் எப்படித் தெரியும் என்று பாருங்கள். 4326-இல் எக்ஸ் 78.12, ஒய் 9.92. யூடிஎம் 44-இல் எக்ஸ் ஏறத்தாழ 1,84,000, ஒய் 10,98,000-க்கு அருகில். யூடிஎம் 43-இல் ஒய் கிட்டத்தட்ட அதேதான். எக்ஸ் மட்டும் 8,42,000 பக்கம். வெப் மெர்கேட்டரில் எக்ஸ் 86,96,000, ஒய் 11,10,000. இந்த நான்கு உருவங்களும் மனத்தில் பதிந்துவிட்டால் பாதிச் சிக்கல் எக்ஸ்டென்ட் வரியிலேயே தீர்ந்துவிடும். எக்ஸ் 80 லட்சத்துக்கு மேல் என்றால் வெப் மெர்கேட்டர். எக்ஸ் 10 லட்சத்துக்கும் கீழே, ஒய் ஏறத்தாழ 9 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் இடையே என்றால் தமிழ்நாட்டு யூடிஎம்.

யூடிஎம் என்று தெரிந்த பின்பு மண்டலம் எது என்பதை எண் மட்டும் சொல்லாது, ஏனென்றால் ஒவ்வொரு மண்டலமும் தன் நடுக் கோட்டை 5,00,000 என்றே எண்ணுகிறது. ஊர்ப் பெயரைக் கொண்டு பாருங்கள். இரண்டு மண்டலத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வைத்தால் சரியானது உடனே தெரியும்.

தரவு போய் விழுந்த இடமே பிழையைச் சொல்லும். கோயம்புத்தூர் வங்கக் கடலில் விழுந்தால் 43-க்கு 44 என்ற சீட்டு. தமிழ்நாடே ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கி, கன்னியாகுமரிக்குத் தெற்கே நிலநடுக்கோட்டின்மேல் இந்தியப் பெருங்கடலில் கிடந்தால், பாகைக் கணக்கில் உள்ள தரவுக்கு யூடிஎம் 44 சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: 80 பாகை, 13 பாகை என்பவை 80 மீட்டர், 13 மீட்டர் என்று படிக்கப்பட்டிருக்கின்றன. சென்னைப் புள்ளிகள் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டுக்கு மேலே கடலில் தெரிந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் ஒரு புள்ளி தனியாக நின்றால், அட்டவணையில் ஆயத்தொலை நிரப்பாத வரி ஒன்று சுழி, சுழி என்று பதிவாகியிருக்கிறது.

இரண்டாம் படி: சீட்டு ஒட்டுவதா, எண்ணை மாற்றுவதா

சீட்டு இல்லை, அல்லது தவறு என்றால் லேயர்மேல் வலது சொடுக்கி, லேயர் சிஆர்எஸ், பிறகு செட் லேயர் சிஆர்எஸ். இது கோப்பில் உள்ள ஒரு எண்ணையும் தொடாது. “இந்த எண்களை இப்படிப் படி” என்று மென்பொருளுக்குச் சொல்வது மட்டுமே. அதுவும் அந்த ப்ராஜெக்ட்டுக்குள் மட்டும்தான் நிற்கும். கோப்போடு சேர்ந்தே போக வேண்டுமானால் ப்ராசஸிங் கருவிப் பெட்டியில் டிஃபைன் ஷேப்ஃபைல் ப்ரொஜெக்ஷன் கொண்டு பிஆர்ஜே கோப்பை எழுதிவிடுங்கள்.

சீட்டு சரி, ஆனால் வேறு முறையில் தரவு வேண்டும் என்றால் ப்ராசஸிங் பெட்டியில் ரீப்ரொஜெக்ட் லேயர். இது ஒவ்வொரு முனைப்புள்ளியையும் கணக்கிட்டு மாற்றி, புதிய கோப்பாகத் தரும்.

அடிக்கடி நடக்கும் தவறு இது. ஒருவரிடம் 4326-இல் லேயர் இருக்கிறது, மீட்டரில் வேண்டும். செட் லேயர் சிஆர்எஸ் போய் 32644 கொடுக்கிறார். லேயர் திரையிலிருந்து மறைகிறது. பதறி, மறைந்த லேயரையே ரீப்ரொஜெக்ட் செய்கிறார். இப்போது எண்களும் போய்விட்டன. இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது மூலக் கோப்புக்குத் திரும்பி, 4326 என்ற சரியான சீட்டை ஒட்டி, அதன் பிறகு ஒரே ஒரு முறை ரீப்ரொஜெக்ட் செய்வது. மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் தொடாமல் வைத்திருங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. க்யூஜிஐஎஸ் சாளரத்தின் வலது கீழ் மூலையில் தெரிவது ப்ராஜெக்ட்டின் சிஆர்எஸ், லேயருடையது அல்ல. 4326 லேயரையும் 32644 லேயரையும் ஒன்றாகத் திறந்தால் மென்பொருள் போகிறபோக்கில் இரண்டையும் ப்ராஜெக்ட் சிஆர்எஸ்ஸுக்கு மாற்றிக் காட்டும். திரையில் பொருந்தித் தெரிகின்றன என்பதற்காக இரண்டும் ஒரே முறையில் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு பொருளைச் சுற்றிக் குறித்த தூரத்துக்குப் பட்டை வரையும் பஃபர் போன்ற கருவிகள் லேயரின் சொந்த அலகில்தான் வேலை செய்யும். 4326 லேயரில் 500 மீட்டர் பஃபர் என்று நினைத்து 500 கொடுத்தால் அது 500 பாகை. தூரத்தோடு தொடர்புடைய எந்தக் கருவியையும் மீட்டர் அலகுள்ள லேயரில் மட்டும் ஓட்டுங்கள்.

எந்த சிஆர்எஸ்ஸில் வேலை செய்வது

யூடிஎம் மண்டலம் கண்டுபிடிக்க: தீர்க்கரேகையோடு 180 கூட்டி, 6-ஆல் வகுத்து, முழு எண்ணை எடுத்து 1 கூட்டுங்கள். சென்னைக்கு 80.27 கூட்டல் 180, வகுத்தல் 6 என்றால் 43.38, ஆக மண்டலம் 44.

தமிழ்நாட்டின் சங்கடம், மண்டல எல்லையான 78-ஆம் தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. கோயம்புத்தூர், நீலகிரி, திருப்பூர், தேனி, தென்காசி, கன்னியாகுமரி எல்லாம் 43. சென்னை, காஞ்சிபுரம், தஞ்சாவூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் 44. சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களை அந்தக் கோடு அறுத்துச் செல்கிறது. திண்டுக்கல் நகரம் கோட்டை ஒட்டி மேற்கே. மதுரை நகரம் சற்றே கிழக்கே.

கோடு அறுக்கும் மாவட்டம் என்றால் தரவின் பெரும்பகுதி எங்கே இருக்கிறதோ அந்த மண்டலத்தை எடுத்துக்கொண்டு முழு வேலையையும் அதிலேயே முடியுங்கள். 6 பாகை என்ற எல்லையை அரைப் பாகை, முக்கால் பாகை தாண்டினால் எதுவும் உடைந்துவிடாது. அளவுப் பிழைதான் சற்றுக் கூடும். ஒரே மாவட்டத்தை இரண்டு மண்டலக் கோப்புகளாக வெட்டி வைப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

அந்தப் பிழை எவ்வளவு? யூடிஎம் தன் நடுக் கோட்டில் நீளத்தை 0.9996 ஆகச் சுருக்குகிறது: கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறைவு. நடுவிலிருந்து விலக விலக இது ஏறி, மண்டல விளிம்பில், நம் அட்சரேகைகளில், கிலோமீட்டருக்கு 90 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடுதலாகிறது. மதுரை இந்த விளிம்பில்தான் இருக்கிறது.

மாநிலம் முழுவதும் ஒரே தரவாக வேண்டுமென்றால் ஈபிஎஸ்ஜி பட்டியலில் டபிள்யூஜிஎஸ் 84 / தமிழ்நாடு என்ற பெயரிலேயே ஒரு சிஆர்எஸ் உண்டு, எண் 7785. சிஆர்எஸ் தேடல் பெட்டியில் பெயரை அடித்தே எடுக்கலாம். நாடு முழுவதற்கும் 7755 என்ற லாம்பர்ட் கூம்பு ப்ரொஜெக்ஷன். பரப்பளவு ஒப்பீடுதான் நோக்கம் என்றால் செட்டிங்ஸ் மெனுவில் கஸ்டம் ப்ரொஜெக்ஷன்ஸ் போய், லாம்பர்ட் அஸிமுத்தல் ஈக்வல் ஏரியா வகையில், மையம் அட்சரேகை 11, தீர்க்கரேகை 78.3, டேட்டம் டபிள்யூஜிஎஸ் 84, அலகு மீட்டர் என்று ஒன்றை நீங்களே உருவாக்குங்கள். சரிபார்க்க, மாவட்டப் பரப்புகளைக் கூட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர் அளவில் வர வேண்டும். ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தால் எங்கோ வெப் மெர்கேட்டர் நுழைந்திருக்கிறது.

பரப்பளவு: ஏக்கருக்கு 6 சென்ட் எங்கிருந்து வந்தது

வெப் மெர்கேட்டர் இணையத்தில் படம் காட்டுவதற்காக உருவானது. அதில் பரப்பளவு எடுக்கவே கூடாது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகும். சென்னை அட்சரேகையில் பரப்பு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல். டெல்லியில் 30 விழுக்காடு. சென்னைப் புறநகரில் ஒரு ஏக்கர் நிலத்தை 3857-இல் அளந்தால் 106 சென்ட் என்று வரும். அந்த 6 சென்ட் பூமியில் எங்கும் இல்லை. நிலத் தகராறும் இழப்பீட்டுக் கணக்கும் இருக்கிற இடத்தில் இது சாதாரணப் பிழை அல்ல.

க்யூஜிஐஎஸ்ஸின் ஃபீல்டு கால்குலேட்டரில் பரப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன. டாலர் குறியோடு வரும் $ஏரியா, ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் ஜெனரல் பக்கத்தில் கொடுத்திருக்கும் நீள்கோளத்தின்மேல் கணக்கிடும். லேயர் 4326-இல் இருந்தாலும் சரியான பரப்பு தரும். டாலர் குறி இல்லாத ஏரியா என்ற செயற்கூறு, லேயரின் தட்டைத் தளத்தில் கணக்கிடும். 4326 லேயரில் அது சதுரப் பாகையில் பொருளற்ற ஒரு சிறு எண்ணைத் தரும். அளவு முக்கியமான இடங்களில் முதலாவதைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் ஜெனரல் பக்கத்தில் நீள்கோளம் டபிள்யூஜிஎஸ் 84 தானா, பரப்பு அலகு சதுர மீட்டர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஹெக்டேர் என்று இருந்தால் $ஏரியா ஹெக்டேரில்தான் வரும். நீங்கள் அதைச் சதுர மீட்டர் என்று நினைத்து மறுபடி வகுத்தால் பத்தாயிரம் மடங்கு தவறும்.

சதுர மீட்டரை 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர், 40.4686-ஆல் வகுத்தால் சென்ட். மதுரை நகரில் ஒரு ஏக்கரை யூடிஎம் 44 தளத்தில் எடுப்பதற்கும் நீள்கோளத்தில் எடுப்பதற்கும் ஏறத்தாழ 6.8 சதுர மீட்டர், அதாவது 70 சதுர அடிக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும்.

புலப்படத்தை (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வரைந்த நில அளவைப் படத்தை) ஜிஐஎஸ்ஸுக்குக் கொண்டுவருபவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். புலப்படத்தில் உள்ள நீளங்கள் தரையில் சங்கிலி பிடித்து அளந்தவை. ஆயத்தொலை எதுவும் அதில் இல்லை. புலத்தின் கற்களில் குறைந்தது நான்கையாவது தரமான ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடமறி) கருவியால் அளந்து, அவற்றில் பொருத்தித்தான் இடம் கொடுக்க முடியும். பொருத்திய பிறகு படத்தில் உள்ள நீளத்துக்கும் யூடிஎம் நீளத்துக்கும் 100 மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் வேறுபட்டால் அது அளவையர் பிழை அல்ல, மேலே சொன்ன யூடிஎம் அளவுப் பிழைதான். வேறுபாடு அரை மீட்டர், ஒரு மீட்டர் என்றால் கல் நகர்ந்திருக்கலாம், அல்லது தவறான கல்லை அளந்திருக்கலாம். பழைய படங்களில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும்: 100 லிங்க் ஒரு சங்கிலி, அது 66 அடி, 20.1168 மீட்டர். லிங்க்கை மீட்டர் என்று எடுத்தால் புலம் ஐந்து மடங்கு நீளும்.

பழைய டோப்போ தாளை ஏற்றுவது

இந்திய நில அளவைத் துறையின் பழைய 1:50,000 டோப்போ தாள்கள் (நிலத்தோற்ற வரைபடங்கள்) எவரெஸ்ட் டேட்டத்தில் உள்ளவை. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம். உங்கள் கையில் இருப்பது எது என்று தாளின் ஓரக் குறிப்பில் முதலில் பாருங்கள்.

பழைய தாளின் ஓரத்தில் உள்ள அட்ச-தீர்க்க எண்களை அப்படியே 4326 என்று கொடுத்தால், சென்னைப் பக்கம் எல்லாம் தென்கிழக்கே ஏறத்தாழ 230 மீட்டர் தள்ளி விழும். 1:50,000 தாளில் இது நாலரை மில்லிமீட்டர். ஏரிக்கரை ஏரிக்கு வெளியே போய்விடும். சரியான வழி:

1. லேயர் மெனுவில், படத்துக்கு இடம் கொடுக்கும் கருவியான ஜியோரெஃபரன்சரைத் திறந்து ஸ்கேன் செய்த தாளை ஏற்றுங்கள். 300 டிபிஐ போதும்.

2. ஒரு தாள் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம். 5 நிமிட இடைவெளியில் குறிகள் இருப்பதால் நான்குக்கு நான்கு, 16 சந்திப்புகள் கிடைக்கும். பதினாறையும் புள்ளிகளாக வையுங்கள். நான்கு மூலை மட்டும் வைத்தால் தாள் நடுவே சுருங்கியிருப்பது தெரியாது.

3. மதிப்புகளைத் தசமப் பாகையில் கொடுங்கள்: 80 பாகை 5 நிமிடம் என்றால் 80.083333, 10 நிமிடம் 80.166667; 15 நிமிடம் 80.25. தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் எழுதுங்கள். மூன்றோடு நிறுத்தினால் அதிலேயே 50 மீட்டர் வரை போய்விடும்.

4. இலக்கு சிஆர்எஸ் 4146, கலியான்பூர் 1975. 4326 அல்ல.

5. உருமாற்றம் பாலினாமியல் 1 என்று தொடங்குங்கள். மடிப்பு, ஈரம் பட்ட தாள் என்றால் பாலினாமியல் 2. மூன்றாம் படிக்குப் போகாதீர்கள்; புள்ளிகளில் பொருந்தி இடையில் வளைந்துவிடும்.

6. எஞ்சிய பிழையைப் பாருங்கள். 1:50,000-இல் தாளின் அரை மில்லிமீட்டர் 25 மீட்டர். அதற்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் பெரிதாகக் காட்டினால் பெரும்பாலும் எண்ணைத் தவறாக அடித்திருப்பீர்கள்.

7. கிடைத்த ராஸ்டரை (சிறு கட்டங்களால் ஆன படத்தை) வார்ப் என்ற ரீப்ரொஜெக்ட் கருவியால் 32643-க்கோ 32644-க்கோ மாற்றுங்கள்.

ஏழாவது படியில் டேட்டம் மாற்றம் நடக்கிறது. கலியான்பூர் 1975-இலிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு ஈபிஎஸ்ஜியில் உள்ள மூன்று எண் பெயர்ச்சி 295, 736, 257 மீட்டர். க்யூஜிஐஎஸ் உருமாற்றத் தேர்வுப் பெட்டியைக் காட்டினால் இதைத் தேர்ந்தெடுங்கள். பால்பார்க் என்று குறித்திருப்பதை எடுக்காதீர்கள். அது டேட்டம் வேறுபாட்டையே கண்டுகொள்ளாமல் எண்ணை அப்படியே கடத்திவிடும், உங்கள் 230 மீட்டர் மறுபடி வந்து நிற்கும். சரியான பெயர்ச்சியிலும் 10, 20 மீட்டர் பிழை மிஞ்சும். நாடு முழுவதற்கும் மூன்றே எண்கள் என்பதன் விலை அது. வயல் வரப்பை இதில் தேடாதீர்கள். பழைய ஏரி, வாய்க்கால், ஊர் எல்லை ஆகியவற்றைப் பார்க்கப் போதுமானது.

முடித்த பிறகு செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். தாள் முழுவதும் ஒரே திசையில், ஒரே அளவு விலகியிருந்தால் டேட்டம் தவறு. ஒரு மூலையில் பொருந்தி மறு மூலையில் விலகினால் நீங்கள் வைத்த புள்ளிகளில் தவறு. கோயில் குளம், பழைய ரயில் பாதை, கல் பாலம் போல இடம் மாறாதவற்றை வைத்து ஒப்பிடுங்கள். சாலை வேண்டாம், நாற்பது ஆண்டில் சாலை நகரும்.

இலங்கைத் தரவு

இலங்கையில் இரண்டு ஆயத்தொலைக் கட்ட (க்ரிட்) முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழையது கண்டவல டேட்டத்தில், ஈபிஎஸ்ஜி 5234; புதியது எஸ்எல்டி 99 டேட்டத்தில், ஈபிஎஸ்ஜி 5235. இரண்டுக்கும் மையம் பிதுருதலாகல மலைப் பக்கம்தான். ஆனால் பழையதில் மையத்துக்கு 2,00,000, 2,00,000 என்றும், புதியதில் 5,00,000, 5,00,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கொழும்பு பழைய கட்டத்தில் 1 லட்சம், 1.9 லட்சம் அளவிலும், புதியதில் 4 லட்சம், 4.9 லட்சம் அளவிலும் வரும். இரண்டு லேயர்கள் இரு அச்சிலும் ஏறத்தாழ 3 லட்சம் மீட்டர் விலகி நின்றால் காரணம் இதுவே. 3 லட்சத்தைக் கழித்துவிட்டு வேலையை முடிப்பது குறுக்குவழி. அதில் டேட்டம் வேறுபாடு அப்படியே தங்கிவிடும். இரண்டுக்கும் உரிய சீட்டை ஒட்டி, ஒன்றை மற்றதற்கு ரீப்ரொஜெக்ட் செய்யுங்கள். யாழ்ப்பாணத்தையும் இராமேசுவரத்தையும் ஒரே படத்தில் வைக்கும் வேலை என்றால் இரண்டுமே யூடிஎம் 44-க்குள் அடங்கும், 32644 போதும்.

அட்டவணையிலிருந்து புள்ளிகள்

களத்தில் கைபேசியில் எடுத்த புள்ளிகள் சிஎஸ்வி கோப்பாக வரும்போது டிலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாக ஏற்றுங்கள். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் கை தானாக மாற்றிக் கொடுத்துவிடும். நிரல் எழுதுபவர்களுக்கு இன்னொரு கண்ணி: 4326-இன் முறையான அச்சு வரிசை அட்சம் முதலில் என்பதே. ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவமோ தீர்க்கத்தை முதலில் வைக்கிறது. பயன்படுத்தும் நூலகம் எந்த வரிசையை எதிர்பார்க்கிறது என்று ஒரே ஒரு தெரிந்த புள்ளியை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தக் கோப்பையும் ஓட்ட வேண்டும்.

பாகை-நிமிட-விநாடியைத் தசமமாகப் படிப்பது அடுத்த தவறு. 13 பாகை 4 நிமிடம் 30 விநாடியை 13.0430 என்று எழுதிவிடுகிறார்கள். சரியான மதிப்பு 13.075. வித்தியாசம் மூன்றரை கிலோமீட்டர். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தசமத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்கள் எந்த வரியிலும் 59-ஐத் தாண்டவில்லை என்றால் அது நிமிடமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ராஸ்டரும் உயரமும்

எஸ்ஆர்டிஎம் போன்ற உயரத் தரவு 4326-இல் வரும்: கட்டத்தின் அகலம் பாகையில், உயரம் மீட்டரில். அதன்மேல் நேரடியாகச் சரிவு கணக்கிட்டால், தானாகத் திருத்தாத மென்பொருளில், காவிரி டெல்டாவே 89 பாகைச் செங்குத்தாக வரும். முதலில் யூடிஎம்முக்கு வார்ப் செய்யுங்கள். வார்ப்பில் ரீசாம்ப்ளிங் (புதிய கட்டங்களுக்கு மதிப்புக் கணிக்கும் முறை) தேர்வு முக்கியம்: உயரத்துக்கு பைலீனியர் அல்லது க்யூபிக், நிலப்பயன்பாடு போல வகை எண் உள்ள ராஸ்டருக்கு நியரெஸ்ட் நெய்பர் மட்டும். வகை எண்ணுக்கு பைலீனியர் கொடுத்தால் 2 என்ற நெல் வயலுக்கும் 6 என்ற கட்டடத்துக்கும் நடுவே 4 என்ற காடு முளைக்கும்.

ஜிஎன்எஸ்எஸ் கருவி சென்னைக் கடற்கரையில் மைனஸ் 80-க்கும் கீழே உயரம் காட்டினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். அது நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உலகிலேயே மிக ஆழமான ஜியாய்டு (சராசரிக் கடல் மட்டப் பரப்பு) பள்ளம், நீள்கோளத்திலிருந்து ஏறத்தாழ 106 மீட்டர், இருக்கிறது. நம் கரை அதன் சரிவில் உள்ளது. கடல் மட்ட உயரம் வேண்டுமானால் ஜியாய்டு மதிப்பைக் கழிக்க வேண்டும். அது மைனஸ் எண் என்பதால் கழித்தால் கூடும்.

சென்டிமீட்டர் துல்லிய வேலை செய்பவர்கள் டபிள்யூஜிஎஸ் 84 என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது; இருபது ஆண்டில் ஒரு மீட்டர். எந்த ஐடிஆர்எஃப் (உலகளாவிய குறிப்புச் சட்டகம்), எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கொடுக்கும்போது

ஷேப்கோப்பு அனுப்பினால் பிஆர்ஜே உட்பட எல்லாத் துணைக் கோப்புகளையும் ஒரே ஜிப்பில் கட்டுங்கள். ஜியோபேக்கேஜில் சீட்டு உள்ளேயே இருப்பதால் அதுவே பாதுகாப்பானது. கேஎம்எல்லும் ஜியோஜேசனும் எப்போதும் டபிள்யூஜிஎஸ் 84 அட்ச-தீர்க்கம்தான். வேறு முறையில் எழுதி அனுப்பினால் பெறுபவரின் மென்பொருள் அதைப் பாகையாகவே படிக்கக்கூடும். டிஎக்ஸ்எஃப் என்ற பொறியியல் வரைபடக் கோப்பில் பெரும்பாலும் சீட்டு இருக்காது. கட்டடப் பொறியாளரிடமிருந்து அது வரும்போது முதல் கேள்வியாக “எந்த மண்டலம், எண்ணில் முன் இலக்கங்களை வெட்டியிருக்கிறீர்களா” என்று கேளுங்கள். வரைய வசதியாக 10,98,000-ஐ 98,000 ஆக்கி வைப்பது வழக்கம். நீங்கள் அனுப்பும்போது கோப்புப் பெயரிலேயே எண்ணைச் சேர்த்துவிடுங்கள்: கண்மாய்_மதுரை_32644. பெறுபவர் திறந்து, எக்ஸ்டென்ட் வரியில் எக்ஸ் 1,84,000 பக்கம் இருப்பதைப் பெயரோடு ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்வார்.